பட்டா இல்லாத மலையில் சிறுத்தைக் காவல்

கல்வராயன் மலையில் புலி இல்லை. கென்னத் ஆண்டர்சன் எழுதிய ஜவளகிரி ஆட்கொல்லி அன்றைய சேலம் மாவட்டத்துப் புலி. கல்வராயன் பக்கத்துக் காடுகளில் புலி உலவிய காலம் போய்விட்டது. ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை என்று நீளும் மலைவரிசையில் பெரும்பூனை என்று மிஞ்சியிருப்பது சிறுத்தை ஒன்றே.

அது இருப்பதை நமக்குச் சொல்வது பெரும்பாலும் செய்தித்தாள்தான். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறை நகரத் தெருவில் ஒரு சிறுத்தை நடந்தது; டெல்டாவில் சிறுத்தையா என்று ஊரே வியந்தது. அதே ஆண்டு ஜூனில் திருப்பத்தூரில் இன்னொன்று பட்டப்பகலில் பள்ளி வளாகத்துக்குள் புகுந்து, பிறகு பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் பதுங்கியது. கார்களுக்குள் இருந்தவர்கள் மணிக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். செப்டம்பரில் மேட்டூர் பக்கம் கொளத்தூர் கிராமங்களில் ஆடுகளைத் தூக்கிக்கொண்டிருந்த சிறுத்தை குண்டுக்காயத்தோடு செத்துக் கிடந்தது. ஒரே ஆண்டில் மூன்று செய்திகள். மூன்றிலும் சிறுத்தை ஊருக்குள்ளோ ஊரோரத்திலோதான் இருந்தது.

எண்ணிக்கையும் இதற்கு ஒத்துப்போகிறது. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 13,874 சிறுத்தைகள். தமிழ்நாட்டில் 2018இல் 868 ஆக இருந்தது 1,070 ஆனது. நாட்டின் சிறுத்தைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரணாலயங்களுக்கும் காப்பகங்களுக்கும் வெளியே வாழ்கின்றன. புலிக்குக் காப்பகம், காப்பகத்துக்கு ஆணையம், ஆணையத்துக்கு நிதி என்று ஓர் ஏற்பாடு உண்டு. சிறுத்தைக்கு அப்படி ஒன்றும் இல்லை. கல்வராயன் மலை சரணாலயமும் அல்ல, புலிகள் காப்பகமும் அல்ல. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைத்தொகுதி, கள்ளக்குறிச்சி, சேலம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கிடையே பங்கு போடப்பட்டுக் கிடக்கிறது.

இத்தகைய மலைகளுக்கு அறிஞர்களும் தொண்டு நிறுவனங்களும் அரசும் ஒரே குரலில் சொல்லும் தீர்வு ஒன்று இருக்கிறது: மக்களை வைத்தே காப்பாற்றுவோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. துப்பாக்கியும் முள்வேலியும் கொண்டு காட்டைக் காத்த பழைய முறையின் கொடுமைகளை அறிந்த எவருக்கும் இது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிடித்திருப்பதாலேயே ஒரு கொள்கை சரியாகிவிடாது. இத்தகைய திட்டம் எதைக் கண்டாலும் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். சிறுத்தை ஆட்டைத் தூக்கினால் நட்டம் யார் தலையில் விழுகிறது? மறுநாள் காலையில் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் யார்? நட்டம் ஊரார் தலையிலும் முடிவு அலுவலகத்திலும் இருந்தால், அதற்கு மக்கள் திட்டம் என்று பெயர் வைப்பது ஏமாற்று.

வெற்றிக்கதையாக அதிகம் சொல்லப்படுவது மகாராஷ்டிரம். அங்கிருந்தே தொடங்கலாம், ஏனெனில் கள்ளக்குறிச்சிக்கு மிக நெருக்கமான பாடம் அங்கேதான் இருக்கிறது.

புணே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் கரும்பு பெருகியது. கரும்புத் தோட்டம் சிறுத்தைக்குக் காடு போலத்தான்: நிழல் உண்டு, தண்ணீர் உண்டு, மாதக்கணக்கில் ஆள் நடமாட்டம் இல்லை, பக்கத்து ஊரில் நாய்கள் ஏராளம். மக்கள் பயந்தார்கள், வனத்துறை கூண்டு வைத்துப் பிடித்து வேறு காடுகளில் கொண்டுபோய் விட்டது. வித்யா அத்ரேயாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதன் விளைவைக் கணக்கிட்டது. 1993 முதல் 2001 வரை ஆண்டுக்குச் சராசரி நான்காக இருந்த மனிதர் மீதான தாக்குதல், பெரிய அளவில் பிடித்து இடம்மாற்றத் தொடங்கிய பிறகு ஆண்டுக்குப் பதினேழாக ஏறியது. பிடித்துக்கொண்டுபோய் விட்ட சிறுத்தை புதுக்காட்டில் தங்குவதில்லை. ‘அஜோபா’ என்று பெயரிடப்பட்ட கிழச் சிறுத்தை ஒன்று 2009இல் கிணற்றிலிருந்து மீட்கப்பட்டு, கழுத்துப் பட்டை மாட்டி, மால்ஷேஜ் மலைச்சரிவில் விடப்பட்டது; அது நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கடந்து 120 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மும்பை ஓரம் போய்ச் சேர்ந்தது.

அதே குழு அன்றைய அகமதுநகர் மாவட்டத்து அகோலே பள்ளத்தாக்கில் கேமரா வைத்து எண்ணியது. காடே இல்லாத, சதுர கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும் வயல்வெளி. அங்கே 100 சதுர கிலோமீட்டருக்கு ஐந்து வளர்ந்த சிறுத்தைகள் இருந்தன. மனிதரைத் தாக்குவது அரிதாகவே நடந்தது. எச்சத்தை ஆராய்ந்து அவற்றின் உணவையும் பார்த்தார்கள். எடைக்கணக்கில் 87 விழுக்காடு வீட்டு விலங்குகள். அதில் நாய் மட்டும் 39 விழுக்காடு, வெள்ளாடு 11 விழுக்காடு. அந்தப் பகுதியில் நாயைவிட வெள்ளாடு ஏழு மடங்கு அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்ணின் பொருள் விளங்கும். ஆட்டை இரவில் பட்டியில் அடைக்கிறார்கள், நாய் தெருவில் திரிகிறது. ஒரு நல்ல பட்டிக்கதவு எவ்வளவு காரியம் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் கண்டதில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டு, ‘பார்த்தீர்களா, சேர்ந்து வாழலாம்’ என்று கட்டுரையை முடிப்பவர்கள் உண்டு. அதில் நேர்மை குறைவு. அதே ஜுன்னருக்குப் பக்கத்துச் சிரூர் வட்டத்தில் 2025 அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும் சில வாரங்களுக்குள் ஒரு சிறுமி, ஒரு மூதாட்டி, ஒரு சிறுவன் என மூவரைச் சிறுத்தை கொன்றது. மக்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள், வனத்துறை வண்டிக்குத் தீ வைத்தார்கள். கடைசியில் ஒரு சிறுத்தை சுட்டுக் கொல்லப்பட்டது. இருபதாண்டு ஆய்வும் விழிப்புணர்வும் நடந்த வட்டாரத்திலேயே இந்த நிலை. காரணம் வெளிப்படை. அங்கே மக்களுக்கு அறிவு கொடுக்கப்பட்டது, அதிகாரம் கொடுக்கப்படவில்லை. கரும்பு நடுவதை யாரும் குறைக்கவில்லை, பகலில் மின்சாரம் கிடைத்தால் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டியதில்லை என்ற உழவர் கோரிக்கை தீரவில்லை. சேர்ந்து வாழ்வதன் செலவு முழுவதும் வயலில் நிற்பவர் கணக்கில் எழுதப்பட்டது.

எதிர்முனையில் இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி. கிப்பர் என்ற உயரமலைச் சிற்றூர், பனிச்சிறுத்தை நாடு. சாருதத் மிஸ்ராவும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் 1990களின் கடைசியில் அங்கே செய்தது எளிய ஒப்பந்தம். ஊர் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியை மேய்க்காமல் விடும். அதற்கு ஈடாக ஊருக்குப் பணம் வரும். அந்த நிலத்தில் புல் வளர்ந்தது, காட்டு நீலச்செம்மறிகள் பெருகின, பனிச்சிறுத்தைக்கு இரை கிடைத்தது. அடுத்ததாகக் கால்நடைக் காப்பீடு: உரிமையாளர் சிறு தொகை கட்டுவார், ஊர்க்குழு நிதியை வைத்துக்கொள்ளும், மாடு செத்தது சிறுத்தையாலா என்று ஊர்க்காரர்களே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பொய்க்கணக்கு சொன்னால் பக்கத்து வீட்டுக்காரனின் பணம்தான் போகும். ஆகவே பொய் குறைவு. என் இரண்டு கேள்விகளிலும் கிப்பர் தேறுகிறது. நட்டம் பகிரப்படுகிறது, முடிவு ஊரில் இருக்கிறது.

ஆனால் கிப்பரைக் கல்வராயனுக்கு அப்படியே தூக்கி வர முடியாது. ஒரு ஊர் தன் மேய்ச்சல் நிலத்தை மேய்க்காமல் விட வேண்டுமானால், முதலில் அந்த நிலம் அந்த ஊருடையதாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தென்னிந்தியச் சான்றுக்கு வருவோம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் வாழ்கிறார்கள். 1974இல் சரணாலயம் வந்தது. வேட்டையும் காட்டெரிப்பு வேளாண்மையும் நின்றன, குடிகள் ஒரே இடத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2006இல் தேன் முதலியவற்றைச் சேகரிக்கவும் தடை வந்தது. 2011 தொடக்கத்தில் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அந்த உரிமை ஏற்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதல் முறை. சோளகர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். கோடைத் தொடக்கத்தில் தாங்கள் வைத்துவந்த சிறு சருகுத் தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி காடெங்கும் பரவி மானுக்குப் புல் இல்லாமல் செய்தது என்றார்கள். ஆய்வாளர்கள் அதை ஒதுக்கித் தள்ளாமல் எடுத்து ஆராய்ந்தார்கள். மக்களிடம் காட்டறிவு உண்டு என்று மேடையில் புகழ்வது வேறு, அந்த அறிவைக் காட்டு மேலாண்மையின் கருதுகோளாக எடுத்துச் சோதிப்பது வேறு. இரண்டாவதே மரியாதை.

இதற்கு எதிரான சான்றையும் தட்டில் வைக்க வேண்டும். பக்கத்துச் சத்தியமங்கலம் 2008இல் சரணாலயம், 2013இல் புலிகள் காப்பகம். 2011இல் 25 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 80 ஆனதற்காக 2022இல் உலக விருதும் பெற்றது. தமிழ்நாடு முழுவதும் 2006இல் 76 ஆக இருந்த புலி 2022இல் 306 ஆனது. இந்த ஏற்றத்தைச் சாதித்தது கிராம சபை அல்ல. வனத்துறை, வேட்டைத் தடுப்புக் காவலர்கள், சட்டத்தின் கண்டிப்பு. அந்தக் காவலர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள் என்பது உண்மைதான், ஆனால் அவர்கள் அங்கே கூலிக்கு நிற்பவர்கள், முடிவெடுப்பவர்கள் அல்லர். ஆக, இந்தச் சான்றுகளிலிருந்து நியாயமாக எடுக்கக்கூடிய முடிவு சின்னதுதான்: காட்டில் மக்கள் இருப்பதாலும் உரிமை பெறுவதாலும் பெரும்பூனை அழிந்துவிடாது. உரிமை கொடுத்தாலே பெரும்பூனை பெருகும் என்ற பெரிய முடிவுக்கு இவை போதா. பழங்குடி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நண்பர்கள் சிலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அதனால் அவர்கள் வாதம் வலுவிழக்கிறதே தவிர வலுப்பெறுவதில்லை.

தேயிலை மலைகள் சொல்லும் பாடம் ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது. 2024 ஜனவரியில் நீலகிரியின் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. குழந்தையின் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். 2025 ஜூனில் வால்பாறையில் இறந்த சிறுமியும் அப்படிப்பட்ட குடும்பத்துப் பிள்ளை. லயன் வீட்டுக்குப் பின்னால் தேயிலை, கழிப்பறை தூரத்தில், விளக்கு இல்லை, உள்ளூர் மொழி தெரியாது, எந்தக் கிராம சபையிலும் பெயர் இல்லை. சமூகத்தை வைத்துப் பாதுகாப்போம் என்று சொல்லும்போது இந்தப் பெற்றோர் அந்தச் சமூகத்துக்குள் வருகிறார்களா? ஊரில் யார் உண்டோ அவர்கள் பேசுவார்கள். சிறுத்தையின் வாயருகே இருப்பவர்கள் பேச்சிலேயே இல்லை.

இனிக் கல்வராயன் மலை.

இம்மலையின் மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்தாரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேல், தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடி இவர்களே. ஆனால் மலையை ஆண்டது இங்கே உழுத குடிகளல்ல. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்கள் வரி வாங்கினார்கள், வெட்டி ஊழியம் வாங்கினார்கள். நாடு விடுதலையடைந்து கால் நூற்றாண்டு கடந்து, 1976இல்தான் அரசு அந்த ஜாகிர்களைக் கையகப்படுத்தியது. ஜாகிர்தார் போனார், அவர் இடத்தில் வருவாய்த்துறையும் வனத்துறையும் வந்தன. தலைமுறையாகச் சாமையும் தினையும் மரவள்ளியும் போட்ட நிலத்துக்குப் பட்டா இல்லாமல் இன்றும் குடும்பங்கள் உழுகின்றன. அனுபவம் உழவனுடையது, ஆவணம் அரசினுடையது. மலைக்கு ஒரு சாலை போட வேண்டுமென்றாலும் வன அனுமதி என்று கோப்பு நிற்கிறது.

சட்டம் வராமல் இல்லை. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அதை நிறைவேற்றுவதற்கு 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த இடைக்காலக் கட்டுப்பாட்டை 2016இல்தான் உச்ச நீதிமன்றம் நீக்கியது. எட்டு ஆண்டுகள் வீண். அதற்குப் பிறகும் வேகம் இல்லை. ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் எதுவுமே அறிவிக்கப்படவில்லை; ஆகவே ஜார்க்கண்டிலும் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியிலும் பழங்குடி ஊராட்சிகளுக்குக் கிடைக்கும் தனிப் பாதுகாப்பு கல்வராயனின் வெள்ளிமலைக்கு இல்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதுதான் மாநிலம் இந்த மலையைத் திரும்பிப் பார்த்தது. அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையை விசாரணைக்கு எடுத்தது. மலை என்றால் சாராய ஊறல், மலைக்காரன் என்றால் குற்றவாளி என்ற பார்வை கீழே சமவெளியில் ஊறிப்போயிருக்கிறது. ஊறலைத் தேடி மலையேறும் போலீசுக்கும் மரத்தைத் தேடி மலையேறும் வனக்காவலருக்கும் ஊரார் கண்ணில் வேறுபாடு இல்லை. இந்த நம்பிக்கையின்மையின் மேல் சிறுத்தைப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைத்தால், அது வருகைப் பதிவேட்டில் மட்டுமே வாழும்.

இதை ஊகித்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1997இல் ஜப்பானியக் கடனுதவியோடு தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது, ஊருக்கு ஊர் கிராம வனக் குழு அமைக்கப்பட்டது. தடுப்பணை, மரக்கன்று, கறவைமாட்டுக் கடன் என்று ஊருக்கு நன்மைகளும் வந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குழுவின் வங்கிக் கணக்கு வனத்துறை அலுவலரின் கையெழுத்தும் சேர்ந்தால்தான் திறக்கும். திட்டப் பணம் நின்றதும் குழுவும் தூங்கிப்போனது பல ஊர்களில். ஊரார் பங்கேற்றார்கள், உரிமை பெறவில்லை. பங்கேற்புக்கு முடிவுத் தேதி உண்டு, உரிமைக்குக் கிடையாது.

வனவிலங்குச் சட்டத்தில் 2002 திருத்தத்தால் வந்த ‘சமூகக் காப்பகம்’ என்ற வகை இருக்கிறதே என்பார்கள். பெயரைக் கேட்டால் கல்வராயனுக்கென்றே செய்ததுபோல இருக்கும். சட்டத்தைப் பிரித்துப் படித்தால் வேறு கதை. அது தனியார் நிலத்திலோ சமூகத்துக்குச் சொந்தமான நிலத்திலோதான் அமையும். நாட்டிலுள்ள சமூகக் காப்பகங்களில் பெரும்பாலானவை நாகாலாந்திலும் மேகாலயாவிலும் இருப்பதற்கு அதுதான் காரணம். அங்கே காடு குலத்துக்கும் ஊருக்கும் சொந்தம். கல்வராயன் மலையில் காடு பெரும்பாலும் அரசின் காப்புக்காடு. எஞ்சிய வழி ‘பாதுகாப்புக் காப்பகம்’, அது அரசு நிலத்துக்கு உரியது. திருநெல்வேலி திருப்புடைமருதூரில் ஊரார் பறவைகளைக் காத்துவந்த இடம் 2005இல் அப்படி அறிவிக்கப்பட்டது. கொக்கும் நாரையும் யார் ஆட்டையும் தூக்குவதில்லை என்பதால் அங்கே அது ஓடுகிறது. அந்த வகையில் ஊராட்சிப் பிரதிநிதிகள் இருக்கும் குழு ஆலோசனை சொல்லலாம், ஆணையிட முடியாது. என் இரண்டாம் கேள்வியில் அது தோற்றுவிடுகிறது.

மிஞ்சுவது வன உரிமைச் சட்டமே. அதன் மூன்றாம் பிரிவு ஊருக்குச் சமூக வன வளத்தைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் உரிமை தருகிறது. ஐந்தாம் பிரிவு காட்டுயிரைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்கே தருகிறது. சிறுத்தைப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் தேடவேண்டியதில்லை, இருப்பதை நிறைவேற்றினால் போதும்.

இத்தனைக்கும் பிறகு மலைமக்கள் பக்கத்துக் குறையைச் சொல்லாமல் விட்டால் இது திறனாய்வு ஆகாது. இம்மலைகளில் உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி புதிதல்ல. போலீசும் ஊர்ப்பெரியவர்களும் பேசி, ஊரெல்லையில் துப்பாக்கிகளைப் போட்டுவிட்டுப் போகச் செய்த நிகழ்ச்சிகள் செய்தியாகியிருக்கின்றன. காட்டுப்பன்றி, மான், முயல் ஆகியவைதான் அதன் இலக்கு, சிறுத்தை அல்ல. ஆனால் பன்றியும் மானும் இல்லாத காட்டில் சிறுத்தைக்கு ஆட்டைத் தவிர வேறு சாப்பாடு ஏது? பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியும் மின்வேலியும் யார் கழுத்து, யார் கால் என்று பார்ப்பதில்லை. வேட்டையைப் பழங்குடிப் பண்பாடு என்று பூசி மெழுகுபவர்கள் சிறுத்தைக்கும் நல்லது செய்யவில்லை, மக்களுக்கும் நல்லது செய்யவில்லை. இரை குறைந்தால் நட்டம் முதலில் ஆடு மேய்க்கும் பெண்ணுக்குத்தான். உரிமை கேட்கும் கிராம சபை, தன் காட்டில் எதை வேட்டையாடக்கூடாது என்ற தீர்மானத்தையும் சேர்த்தே நிறைவேற்ற வேண்டும். ஊர் போட்ட தடையை மீறினால் ஊர் கேட்கும். வனவர் போட்ட தடையை மீறினால் ஊர் ஒளித்துவைக்கும்.

ஆடு மேய்க்கும் பெண் என்று சொன்னது தற்செயலாக அல்ல. கல்வராயன் மலை ஆண்களில் பலர் ஆண்டில் பாதி மலையில் இல்லை. கேரளத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். இப்படிப்பட்ட மலைகளிலிருந்து செம்மரம் வெட்டவும் ஆள் கூட்டிப்போகிறார்கள். 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற இருபது தமிழ்நாட்டுத் தொழிலாளர்களில் பலர் ஜவ்வாது, சித்தேரி முதலிய மலைகளிலிருந்து போனவர்கள். தன் மலையில் கடுக்காய் பொறுக்கிப் பிழைக்க முடியாதவன் இன்னொருவர் காட்டில் மரம் வெட்டப் போகிறான். ஊரில் தங்குவது பெண்களும் முதியவர்களும். சிறுத்தை ஆட்டைத் தூக்கினால் அழுபவர், சரகர் அலுவலகத்துக்கு நடப்பவர், கால்நடை மருத்துவரின் சான்றுக்கு மலையிறங்குபவர் எல்லாம் அவர்களே. ஒரு ஆட்டின் இழப்பீட்டுக்காக இரண்டு மூன்று நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் செலவழித்தால், இழப்பீடு வந்தும் நட்டம்தான். அதனால் பலர் கேட்பதே இல்லை. கேட்காதவர் பெயர் எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. அலுவலகம் ‘மோதல் குறைவு’ என்று எழுதிக்கொள்ளும். செத்த ஆட்டின் எஞ்சிய உடலில் விஷம் தடவுவது எங்கே தொடங்குகிறது என்று கேட்டால், இந்தக் கேட்கப்படாத மனுவில்தான் என்பேன்.

கீழே சமவெளி. கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள், மலையடிவாரம்வரை கரும்பு. அகோலேவும் ஜுன்னரும் எதைக் காட்டினவோ அதற்கான நிலம் இங்கே தயாராக இருக்கிறது. மலைக்காட்டில் இரை குறைந்து, அடிவாரத்தில் கரும்பும் தெருநாயும் பெருகினால், சிறுத்தை எந்தப் பக்கம் இறங்கும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. அப்போது ‘சமூகம்’ என்பது வெள்ளிமலை மலையாளிகள் மட்டுமல்ல. கரும்பு உழவர்களும், கரும்பு வெட்டும் பருவத்தில் தோட்டத்து ஓரத்திலேயே குழந்தைகளோடு குடிசை போட்டுத் தங்கும் வெட்டாள் குடும்பங்களும் சேர்ந்ததே. சிரூரிலும் பந்தலூரிலும் பிள்ளைகளை இழந்தவர்களின் நிலைதான் இவர்களுக்கும். மலையை மட்டும் வைத்துப் போடும் எந்தத் திட்டமும் பாதித் திட்டம்.

சரணாலயமாக அறிவித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பணம் வரும், ஆள் வருவார்கள், வேட்டை குறையும். சத்தியமங்கலம் அதற்குச் சாட்சி. ஆனால் சத்தியமங்கலத்தில் தொடர்ச்சியான பெருங்காடு இருந்தது, பக்கத்தில் முதுமலையும் பந்திப்பூரும் பிளிகிரிரங்கனும் இருந்தன. கல்வராயனில் காடும் ஊரும் வயலும் பின்னிக் கிடக்கின்றன. நில உரிமை தீராத இடத்தில் சரணாலய எல்லை வரைந்தால், 1976இல் தொடங்கி முடியாமல் நிற்கும் வேலை நிரந்தரமாக முடியாமல் போகும். ஜாகிர்தாருக்கு ஒரு முறை, அரசுக்கு ஒரு முறை நிலத்தை இழந்தவர்கள், சிறுத்தைக்காக மூன்றாம் முறை இழக்கச் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதிக்க வேண்டியதும் இல்லை. அப்படி அறிவித்த மறுநாள் சிறுத்தை என்பது அரசின் ஆளாகிவிடும். அரசின் ஆள் மீது இருக்கும் கோபம் அதன் மீது திரும்பும்.

ஆகவே என் தீர்ப்பு இது. மக்களை வைத்துச் சிறுத்தையைக் காப்பது என்ற கொள்கை தவறல்ல. கல்வராயன் மலையில் இப்போதுள்ள நிலையில் அதை நடத்த முடியாது. நடத்தினால் பெயரளவில் நடக்கும். பெயரளவில் நடப்பது, நடக்காததைவிடக் கேடு, ஏனென்றால் தோற்றபின் பழி மக்கள் மீது விழும். முதல் வேலை சமூக வன வள உரிமை. அதோடு ஒட்டி ஊர் தானே விதிக்கும் வேட்டைத் தடை. அடுத்தது, கிப்பரைப்போல ஊர்க்குழுவே பார்த்துச் சான்று தரும், மலையிலேயே கைக்கு வரும் ஆட்டு இழப்பீடு; நல்ல கதவும் கூரையும் உள்ள பட்டி கட்ட உதவி. அடிவாரத்தில் கரும்பு வெட்டாள் குடிசைகளுக்கு வெளிச்சமும் கழிப்பறையும், அதற்கு ஆலை நிர்வாகம் பொறுப்பு. இவை நடந்தால் சிறுத்தையை எண்ணக் கேமரா மாட்டலாம். வெற்றியை அளக்கவும் சிறுத்தை எண்ணிக்கையை எடுக்க வேண்டாம். அது பத்தாண்டு கழித்துத்தான் பேசும். காட்டில் மானும் பன்றியும் கூடுகிறதா, ஆட்டுக்காரிக்கு எத்தனை நாளில் பணம் வருகிறது என்ற இரண்டையும் ஆண்டுதோறும் பார்த்தால் போதும்.

வன உரிமைச் சட்டத்தின் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். சமூக வன வள உரிமை கோருவதற்கான விண்ணப்பம் ‘படிவம் சி’. அதைத் தீர்மானிக்கும் கிராம சபையில் ஊராரில் குறைந்தது பாதிப்பேர் இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஆண்கள் வேலை முடிந்து ஊர் திரும்பும் மாதமாகப் பார்த்து அந்தச் சபையை கல்வராயன்மலை வட்டத்தில் ஊர்தோறும் கூட்டும்படி ஆட்சியரைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தின் முதல் தீர்மானம் நிலத்தைப் பற்றியதாக இருக்கட்டும், இரண்டாவது தீர்மானம் துப்பாக்கியைப் பற்றியதாக இருக்கட்டும்.